கண்வலி விதையும் கோல்சிசினும்

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, கிழக்கே வெகுதூரம் போனால் ஜெயங்கொண்டம், வேதாரண்யம். இந்தப் பக்கமெல்லாம் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், போட்டவர்கள் பூக்கும் பருவத்தில் காலையிலேயே வயலில் இறங்கிவிடுவார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தடவிவிட வேண்டும். செங்காந்தள் பூவைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அதன் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. பூச்சியை மட்டும் நம்பி உட்கார்ந்தால் காய் குறைந்துவிடும்.

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. இலங்கையில் கார்த்திகைப் பூ. ஆனால் இந்த ஊர்களில் யாரும் பூவுக்காகப் பயிரிடுவதில்லை, விதைக்காகத்தான். முன்பு முள்கிளுவையில் படரவிட்டார்கள், இப்போது கம்பிப் பந்தல். அறுவடையாகிற விதை வியாபாரிகள் கைமாறிப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. அங்கே அதிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் முக்கியமானது கோல்சிசின் என்ற ஆல்கலாய்டு. கிழங்கிலும் அது இருக்கிறது, விதையில் இன்னும் அதிகம்.

கோல்சிசினைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒன்று, "கொடிய விஷம், தொடாதே". இன்னொன்று, "மூலிகை, இயற்கையானது, ஒன்றும் செய்யாது". முதல் கட்சி பாதி சரி. இரண்டாவது கட்சி ஆபத்தானது. இந்த மூலக்கூறு உடலுக்குள் செய்கிற முக்கியமான வேலை ஒன்றுதான், ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்வது. விஷம், மருந்து, விதையில்லாத தர்பூசணி, மனிதனின் குரோமோசோம் எண்ணிக்கை என்று இதன் கதையில் வருகிற எல்லாமே அந்த ஒரு பிடியிலிருந்துதான் வருகின்றன. எவ்வளவு போனது, எந்த செல்லுக்குள் போனது என்பதுதான் வித்தியாசம்.

ஆல்கலாய்டு என்ற பெயரை 1819-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைஸ்னர் என்ற மருந்தாளர் வைத்தார். தாவரங்களில் கிடைக்கும், காரத்தன்மை உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் என்பது பொருள். அபினியின் மார்ஃபின், சின்கோனா பட்டையின் குயினைன், எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன், புகையிலையின் நிகோடின், நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின் எல்லாம் இந்தக் குடும்பம். பாரிஸில் பெல்லெத்தியே, காவந்தூ என்ற இருவர் சில வருடங்களுக்குள் ஸ்ட்ரிக்னைன், குயினைன் என்று வரிசையாகப் பிரித்துக் காட்டினார்கள். 1820-ல் கோல்சிகம் ஆட்டம்னேல் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து கோல்சிசினையும் எடுத்தவர்கள் அவர்களே. இலையுதிர் காலத்தில் தரையை ஒட்டிப் பூக்கும் சின்ன ஊதாப் பூச்செடி அது. பார்வைக்கு நம் செங்காந்தளுக்கும் அதற்கும் ஒரு ஒற்றுமையும் தெரியாது. ஆனால் தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம், வேதியியலிலும் அந்த உறவு தெரிகிறது.

இந்தக் குடும்பத்தில் கோல்சிசின் சற்று முரண்டு பிடிக்கும் பிள்ளை. 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன், ஒரே ஒரு நைட்ரஜன். அந்த ஒற்றை நைட்ரஜனும் வளையத்துக்குள் இல்லை, வெளியே அசிட்டைல் தொகுதியோடு சேர்ந்து அமைடாக நிற்கிறது. அமைடில் இருக்கும் நைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியைப் பக்கத்துக் கார்பனைல் பக்கம் கொடுத்துவிடுவதால் அதற்குக் காரத்தன்மை அநேகமாக இல்லை. இது ஏட்டு விவகாரம் மட்டுமல்ல. வழக்கமாக ஆல்கலாய்டைப் பிரிக்க ஒரு நல்ல உத்தி உண்டு. சாற்றை அமிலமாக்கினால் ஆல்கலாய்டு உப்பாகித் தண்ணீருக்குள் போய்விடும், மற்ற குப்பைகளைக் கரைப்பானால் அலசி எடுத்துவிட்டு, பிறகு காரம் சேர்த்தால் ஆல்கலாய்டு திரும்பக் கரைப்பானுக்கு வந்துவிடும். கோல்சிசினிடம் இது பலிக்காது. அமிலத்திலும் அது உப்பாகாமல் அப்படியே குளோரோஃபார்முக்குப் போய்விடும். அதனால் விதையின் எண்ணெயை முதலில் நீக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, அப்புறம் வேறு கரைப்பானுக்கு மாற்றி என்று ஆலைகள் சுற்று வழியில் போகவேண்டியிருக்கிறது.

கட்டமைப்பைக் கண்டுபிடித்த கதை இன்னும் சுவையானது. மூன்று வளையங்கள் என்பது தெரிந்தது. முதலாவது, மூன்று மெத்தாக்சி தொகுதிகள் (ஆக்சிஜன் வழியாக ஒட்டும் ஒற்றைக் கார்பன் தொகுதிகள்) கொண்ட சாதாரண பென்சீன் வளையம். மற்ற இரண்டில்தான் குழப்பம். நோபல் பரிசு வாங்கிய அடோல்ஃப் விண்டாவுஸ் மூன்றாவது வளையத்தையும் ஆறு அணு வளையமாகத்தான் வரைந்தார். அப்படி வரைந்தால் அதன் நடத்தை எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. 1945-ல் மைக்கேல் டூவர் என்ற இளம் வேதியியலாளர், அது ஏழு அணு வளையம், ஆனாலும் பென்சீனைப் போல நிலைத்தன்மை கொண்டது என்று காகிதத்தில் யோசித்தே சொன்னார். அந்த வகை வளையத்துக்கு டிரோபோலோன் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். பென்சீன் மாதிரி நிலையாக இருக்க ஆறு அணு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது துணிச்சல். 1952-ல் எக்ஸ்-கதிர் ஆய்வு அவர் சொன்னதை உறுதி செய்தது. 1959-ல் சூரிச்சில் எஷன்மோசர் குழு ஆய்வகத்திலேயே முழுமையாகத் தயாரித்தும் காட்டியது. ஆனால் அந்த வழி நீளமானது, செலவானது. விதையிலிருந்து எடுப்பதோடு அதனால் போட்டி போட முடியவில்லை.

சரி, இந்த மூலக்கூறு எதைப் பிடிக்கிறது?

1967 வரை யாருக்கும் தெரியாது. கோல்சிசின் கொடுத்தால் செல் பிளவு பாதியில் நின்றுவிடும் என்பது பழைய செய்தி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசி, எட்வின் டெய்லர் இருவரும் கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கோல்சிசினைச் செல்களுக்குக் கொடுத்து, அது எதில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். ஒரு புரதம் கிடைத்தது. பிளவே நடக்காத மூளைத் திசுவில் அது ஏராளமாக இருந்தது முதலில் விசித்திரமாகப் பட்டது. நரம்பு இழைகளின் உள்ளே நீளமாக ஓடும் நுண்குழாய்களும் அதே புரதத்தால் ஆனவை என்று தெரிந்ததும் விஷயம் விளங்கியது. அடுத்த வருடம் ஜப்பானின் ஹிதேயோ மோரி அதற்கு டியூபுலின் என்று பெயரிட்டார். இன்று உயிரியல் மாணவர் எல்லோரும் படிக்கிற ஒரு புரதம், ஒரு செடி விஷத்தைத் தூண்டிலாகப் போட்டுப் பிடிக்கப்பட்டது.

டியூபுலின் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நுண்குழாய் ஆகும். செல் பிளக்கும்போது குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுப்பவை இந்தக் குழாய்கள். தனியாக இருக்கும் ஜோடி சற்று வளைந்திருக்கும், குழாயில் சேரும்போது நிமிர வேண்டும். கோல்சிசின் ஜோடியின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் புகுந்து அதை நிமிரவிடாமல் செய்கிறது. வளைந்த செங்கல்லை வைத்து நேர்ச்சுவர் எழுப்ப முடியாது அல்லவா, அதேதான். பிரான்சின் மார்செல் னோசோ குழுவோடு ரவெல்லி முதலியோர் 2004-ல் வெளியிட்ட படிகக் கட்டமைப்பு இதை நேரடியாகக் காட்டியது. இன்னொரு விஷயமும் உண்டு. செல்லில் இருக்கும் எல்லா டியூபுலினையும் பிடிக்க வேண்டியதில்லை. கோல்சிசின் ஒட்டிய சில ஜோடிகள் குழாயின் நுனியில் போய்ச் சேர்ந்தாலே வளர்ச்சி நின்றுவிடும். சில மில்லிகிராமில் உடலே ஆட்டம் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சம் பட்டால் கோல்சிசின் கெட்டுப்போவதும் இந்த வடிவ விவகாரத்தால்தான். புற ஊதாக் கதிர் பட்டதும் அந்த ஏழணு வளையத்துக்குள் புதுப் பிணைப்பு ஒன்று விழுந்து லூமிகோல்சிசின் என்ற வேறு பொருளாகிவிடும். அணுக்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் வடிவம் மாறிவிட்டதால் டியூபுலின் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இனி நஞ்சின் பக்கம். இலங்கையில் சர்க்கரைவள்ளி, அதாவது வற்றாளைக் கிழங்கு என்று நினைத்துக் கார்த்திகைப் பூக் கிழங்கை அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அவித்தால் விஷம் போய்விடும் என்பது இங்கே செல்லாது, கொதிநீர் கோல்சிசினைச் சிதைப்பதில்லை. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாமல் சில மணி நேரம் போகும். அப்புறம் வாந்தி, வயிற்று வலி, காலரா போன்ற பேதி. ஓரிரு நாளில் அது தணிந்து, ஆள் தேறிவிட்டது போலக்கூடத் தோன்றலாம். அதற்குப் பிறகுதான் எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் விழும், சிறுநீரகமும் இதயமும் தடுமாறும். பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொட்டும். குடல் உட்சுவர், மஜ்ஜை, மயிர்க்கால் என்று இந்த வரிசையைப் பார்த்தாலே காரணம் புரியும், உடலில் ஓயாமல் செல் பிளந்துகொண்டிருக்கும் இடங்கள் இவை. நரம்புகளும் தசைகளும்கூடத் தப்புவதில்லை.

முறிமருந்து என்று மருத்துவமனைகளில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் கிடையாது. கோல்சிசின் ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குள் போய் ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் செய்தும் வெளியே எடுக்க முடியாது. சீக்கிரம் வந்தால் கரித்தூள் கொடுக்கலாம், மற்றபடி உறுப்புகளைத் தாங்கிப் பிடித்து நாள்களைக் கடத்துவதுதான் சிகிச்சை. ஆகவே யாராவது தெரியாமலோ தெரிந்தோ இந்தக் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கவே கூடாது, நேராகப் பெரிய மருத்துவமனை.

இதே பொருள்தான் கௌட் என்ற யூரிக் அமில மூட்டுவலிக்கு இன்றும் முதல் வரிசை மருந்து. கால் பெருவிரல் நள்ளிரவில் நெருப்பாக எரியும் அந்த வலி வந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கோல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை, வலிமாத்திரையும் இல்லை. மூட்டில் படிந்த யூரேட் ஊசிப் படிகங்களைப் பார்த்து நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் கும்பலாக ஓடிவந்து அழற்சியைக் கிளப்புகின்றன. ஓடுவதற்கும் நுண்குழாய் வேண்டும், அழற்சியைக் கூட்டும் புரதத் தொகுதிகள் செல்லுக்குள் ஒன்றுசேரவும் வேண்டும். நமக்கு வசதியான ஒரு விஷயம், இந்த நியூட்ரோபில்களிடம் மருந்தை வெளியே தள்ளும் பம்ப்பு குறைவு. மற்ற செல்கள் கோல்சிசினைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது இவற்றுக்குள் அது சேர்ந்துவிடுகிறது. குறைந்த அளவில் நியூட்ரோபில் மந்தமாகும், குடலும் மஜ்ஜையும் தப்பித்துக்கொள்ளும். மருந்து என்பது அந்தக் குறுகிய இடைவெளிதான்.

அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. வலி நிற்கும்வரை, அல்லது பேதியாகும்வரை, மணிக்கொரு மாத்திரை என்பதுதான் பல காலம் எழுதப்பட்ட சீட்டு. யோசித்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது, விஷத்தின் முதல் அறிகுறியை அளவுகோலாக வைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். 2010-ல் வெளியான ஒரு சோதனையில், ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுத்தவர்களையும், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. பேதியோ குறைந்த அளவில் 23 சதவீதம், கூடிய அளவில் 77 சதவீதம்.

இன்னொரு கண்ணி, மற்ற மருந்துகள். கோல்சிசினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியையும் வெளியே தள்ளும் பம்ப்பையும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தடுத்துவிடும். அப்போது வழக்கமான மாத்திரையே விஷ அளவாகும். சரியான அளவில் கோல்சிசின் சாப்பிட்டும் இறந்தவர்களின் விவரங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் ஆராய்ந்தபோது, அவர்களில் சுமார் பாதிப் பேர் கிளாரித்ரோமைசினும் எடுத்தவர்கள். கௌட் மாத்திரை சாப்பிடுகிறவர் இருமலுக்கு வேறு மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் கவனம்.

இதயத்துக்கும் இதைக் கொடுக்கலாமா என்பது சமீபத்திய விவாதம். ரத்தக் குழாய் அடைப்பிலும் அழற்சிக்குப் பங்குண்டு என்ற எண்ணத்தில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இருந்த 4,745 பேரில் சுமார் பாதிப் பேருக்குத் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனை 2019-ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் முதலானவை மருந்தில்லாதவர்களிடம் 7.1 சதவீதம், மருந்து எடுத்தவர்களிடம் 5.5 சதவீதம். அடுத்த வருடம் வந்த இன்னொரு பெரிய சோதனையும் நன்மை காட்டியது. 2023-ல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. அதற்குள் 2024-ல் ஏழாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு சோதனை, மாரடைப்புக்குப் பின் உடனே கொடுத்ததில் பயனில்லை என்று முடிந்தது. இப்போதைக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

செல் பிளவை நிறுத்தும் குணம் மருத்துவத்துக்கு வெளியேயும் பிழைப்பு நடத்துகிறது. 1937-ல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் ஊமத்தைச் செடியில் கோல்சிசினைப் போட்டுக் காட்டினார்கள். குரோமோசோம்கள் இரட்டிக்கும், ஆனால் இழுத்துப் பிரிக்கக் குழாய் இல்லாததால் ஒரே செல்லில் தங்கிவிடும். இப்படி நான்கு மடங்கு ஆக்கிய தர்பூசணியைச் சாதாரணத் தர்பூசணியோடு கலந்தால் மூன்று மடங்குப் பிள்ளை பிறக்கும், அது விதை வைக்காது. ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா செய்தது இதுதான். கோல்சிசின் தொட்டது அதன் முந்தைய தலைமுறையை மட்டும், நாம் சாப்பிடும் பழத்தில் அது இல்லை. பிளவு பாதியில் நின்ற செல்லில் குரோமோசோம்கள் தெளிவாகத் தனித்தனியே தெரியும் என்பதையும் பயன்படுத்தித்தான் 1956-ல் ஜியோ, லெவான் இருவரும் மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று எண்ணி முடித்தார்கள். அதுவரை பாடப்புத்தகங்களில் 48. இன்றும் குரோமோசோம் பரிசோதனை செய்யும் ஆய்வகங்களில் கோல்சிசினின் நெருங்கிய உறவான டெமிகோல்சின் புட்டி இருக்கும்.

தாவரத்தின் செல்லைப் பிளக்கவிடாமல் செய்ய இவ்வளவு சுலபமென்றால் செங்காந்தள் எப்படித் தானே சாகாமல் இருக்கிறது? பொதுவாகத் தாவரங்களின் டியூபுலின் கோல்சிசினை விலங்குகளின் டியூபுலினைவிடப் பல மடங்கு பலவீனமாகத்தான் பிடிக்கும். மேய வரும் விலங்குக்கு ஆபத்தான அளவு, செடிக்கு ஒன்றுமில்லை. ஊமத்தையிலும் தர்பூசணியிலும் அத்தனை அடர்த்தியாகப் போட வேண்டியிருந்தது அதனால்தான்.

நம்மூர் மருந்துக் கடைகளில் கண்வலி விதையின் உறவினர்களில் அதிகம் கைமாறுவது, என் கணிப்பில், கோல்சிசின் அல்ல. கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று போனால் வலிமாத்திரையோடு சேர்த்து எழுதப்படும் தயோகோல்சிகோசைடுதான். ஏழணு வளையத்தின் ஒரு மெத்தாக்சியில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகம், பென்சீன் வளையத்தின் பக்கம் ஒரு குளுக்கோஸ். இந்த மாற்றத்தால் அது டியூபுலினை விட்டுவிட்டு நரம்பு மண்டலத்தில் காபா என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தொட்டுத் தசையைத் தளர்த்துகிறது. ஆனால் உடலுக்குள் குளுக்கோஸ் கழன்றதும் உண்டாகும் துணைப்பொருளிடம் பழைய குணம் எட்டிப் பார்க்கிறது, குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகலாம். அதனால் 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு விதித்தது: வாய்வழியாக ஏழு நாளுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் கீழானவர்களுக்கும் கூடாது. இங்கே பழைய சீட்டைக் காட்டி வாரக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களை அடிக்கடி பார்க்க முடிகிறது. கிழங்கைக் கண்டு பயப்படும் அளவில் பத்தில் ஒரு பங்காவது இதற்குப் பயப்படலாம்.

செடி இதை எப்படித் தயாரிக்கிறது என்பதும் அண்மையில்தான் பெரும்பாலும் தெளிவானது. ஃபீனைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு சாதாரண அமினோ அமிலங்களில் தொடங்கி, இடையில் ஒரு நொதி ஆறணு வளையத்தைப் பிளந்து ஏழணுவாக விரிக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்லி குழு செங்காந்தளிலிருந்தே இதற்கான மரபணுக்களைத் தேடிப் பிடித்து, புகையிலையின் உறவான ஒரு செடிக்குள் புகுத்தி, கோல்சிசினுக்குச் சில படிகள் முந்தைய பொருள்வரை தயாரித்துக் காட்டியது. 2020-ல் வெளியான வேலை.

இதைப் படித்ததும் மூலனூர்க்காரர்களின் பிழைப்புக்கு ஆபத்து என்று யாராவது எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு அவசரமில்லை. குயினைனை ஆய்வகத்தில் தயாரிக்கும் வழிகள் கண்டு பல பத்தாண்டுகள் ஆகியும் அது இன்றும் சின்கோனா பட்டையிலிருந்துதான் வருகிறது. கண்வலி விவசாயிகளின் இப்போதைய தலைவலி வேறு. விதைக் கிழங்கு விலை அதிகம், பந்தல் செலவு தனி, விற்கும்போது விதையின் விலை ஏறி இறங்குவது வியாபாரி கையில். அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுவருகிறார்கள். இந்த விதையின் மதிப்பு முழுக்க அதற்குள் இருக்கும் கோல்சிசின் வகைகளின் சதவீதத்தில்தான் இருக்கிறது, அது வயலுக்கு வயல் மாறும். கலவையில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் திரவக் குரோமடோகிராஃபி கருவி ஒன்று இருந்தால் அளந்துவிடலாம். ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அப்படியொரு கருவியை வைத்துக்கொண்டு, கிலோவுக்கு விலை பேசுவதோடு சதவீதத்துக்கும் விலை பேச ஆரம்பித்தால், பேரம் கொஞ்சமாவது விவசாயி பக்கம் சாயும்.